பதினெட்டாயிரம் ரூபாய்ப் புளி

வாய்யா மாப்ளே, வா. இப்படித் திண்ணையில உக்காரு. அந்தக் கதவு மேல கைய ஊனாத. மாட்டுக் கொட்டகைக் கதவு அது. கழத்தி ரெண்டு முக்காலி மேல போட்டு வச்சிருக்கேன், சும்மா காத்தாட.

பெட்டிய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நீ வர்றதப் பாத்தா, நிச்சயதார்த்தத்துக்குத் தட்டு தூக்கிட்டு வர்றவன் மாதிரியே இருக்கு. பிரி, பிரி. அடேங்கப்பா, உள்ள பட்டுத்துணியெல்லாம் சுத்தியிருக்கான். இழைப்புளியா? எம்புட்டு? 18,000 ரூபாயா? நல்ல காரியம்யா. உங்க அம்மாவப் பெத்தவரு, எங்க அப்பாரு, ஒரே ஒரு இழைப்புளிய வச்சுக்கிட்டு இந்த ஊர்ல பாதி நிலையும் கதவும் செஞ்சுட்டுப் போயிட்டாரு. பாவம், அவருக்கு விவரம் பத்தல. போன்ல வீடியோ பாக்குற வசதி அப்ப இருந்திருந்தா அவரும் ஆறு வாங்கி, அலமாரியில வரிசையா அடுக்கி, ஒரு கதவும் செய்யாம நிம்மதியாப் போய்ச் சேந்திருப்பாரு.

இழைப்புளின்னா என்னன்னு தெரிஞ்சுதான வாங்கின? சிரிக்காத. கீழத்தெருப் பையன் ஒருத்தன் இதுல புளி எங்க இருக்குன்னு எங்கிட்டயே கேட்டான். ரசத்துக்கு ஆகுமான்னு கேக்காம விட்டானே, அதுவே பெருசு. இழைக்கிற உளி, இழைப்புளி. சீவுற உளி, சீவுளி. பேர வச்சவன் கெட்டிக்காரன், பாதி பாடத்தப் பேர்லயே சொல்லிட்டான். அது உளி மாப்ளே, வெறும் உளி. கையில பிடிச்சா ஆடும், ஒரு பக்கம் ஆழமாப் போகும், ஒரு பக்கம் மேல வழுக்கும். அந்த ஆட்டம் போடாம ஒரே சாய்வுல, ஒரே ஆழத்துல பிடிச்சு வைக்கத்தான் மத்த கட்டை, இரும்பு, பித்தளை எல்லாம். இத்தாலியில 79ஆம் வருசம் எரிமலைச் சாம்பல்ல மூடிப்போன பாம்பேயி ஊரத் தோண்டினப்பயே இழைப்புளி கெடைச்சிருக்கு. அதுலயும் அடிக்கட்டைக்கு நடுவுல சாஞ்சு நிக்கிற ஒரு உளிதான். நீ உளிக்குக் கொஞ்சமும் பித்தளைக்கு நெறையவும் காசு குடுத்திருக்க. இருக்கட்டும், பித்தளை மின்னுது, திருஷ்டி கழியும்.

எந்த நம்பர் வாங்கினே? நாலா? தப்பில்லய்யா, மெருகு இழைப்புக்கு அதுதான். இந்த நம்பர் கதை தெரியுமா? அமெரிக்காவுல லியோனார்ட் பெய்லின்னு ஒருத்தன். உளிய ஏத்தி இறக்குற இந்தச் சக்கரம், திருகாம அமுக்கிப் பிடிக்கிற இந்த மூடி, எல்லாம் அவன் மூளை. 1869ல ஸ்டான்லி கம்பெனிக்காரங்க அவன்கிட்டருந்து அந்தத் தொழில வாங்கினாங்க. ஒன்னுலருந்து எட்டு வரைக்கும் நம்பர் போட்டு வித்தாங்க. இன்னைக்கு எந்த நாட்டுல எவன் வார்த்தாலும் பெரும்பாலும் அதே அச்சு, அதே நம்பர். நீ வாங்கினதும் அந்த வம்சத்துப் பேரப்பிள்ளைதான். ஒன்னாம் நம்பர்தான் எல்லாத்துலயும் ஒசத்தின்னு அடுத்த மாசம் அதுக்கு ஆர்டர் போட்டுறாத. அது அஞ்சரை அங்குலம், உள்ளங்கையில அடங்கிரும், ஒரு வேலைக்கும் ஆகாது. அதனாலதான் பழசு சேக்குறவங்ககிட்ட அதுக்குத்தான் விலை ஜாஸ்தி.

நாலு ஒம்பது அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல. அஞ்சு 14. ஏழு 22. ஏன் இப்படி நெட்டையும் குட்டையுமாச் செஞ்சான்னு நீ கேக்கமாட்ட, ஒனக்கு எல்லாம் தெரியும். நான் எனக்கே சொல்லிக்கிறேன். நாத்து நடுறதுக்கு முன்னாடி பரம்படிப்போமே, பாத்திருக்கியா? பலகை நீளமா இருக்கதால மேட்டு மேலயே தொத்திக்கிட்டு மேட்டத்தான் வழிக்கும். பள்ளத்துல எறங்காது. ஏழாம் நம்பர் அந்தப் பரம்பு. ஒன் நாலாம் நம்பர் ஆட்டுக்குட்டி, மேட்டுலயும் மேயும், பள்ளத்துலயும் எறங்கி மேஞ்சுட்டு வரும். மட்டமாக்குறது நெட்டையோட வேலை, மட்டமானத வழவழப்பாக்குறது குட்டையோட வேலை. கோணிப்போன பலகையில ஒன் குட்டைய ஓட்டினா, கோணல் கோணலாவே இருக்கும், ஆனா வழவழன்னு இருக்கும். அதுவும் ஒரு அழகுதான். பெங்களூர் காப்பிக்கடையில அந்த மாதிரி மேசைக்குத் தனி மவுசுன்னு கேள்விப்பட்டேன்.

ஏழாயிரத்துக்கு, எட்டாயிரத்துக்குப் பழசு வாங்கலாம்னு யோசிச்சியா? அதுக்கும் கீழயே கெடைக்கும், பழைய இரும்புக் கடையில எடைக்குப் போட்டிருப்பான். அங்க துருவப் பாத்துப் பயப்படாத, துரு தேச்சாப் போயிரும். வெடிப்புத்தான் போகாது. வார்ப்பிரும்பு, கீழ விழுந்தா உளி எட்டிப் பாக்குற வாய் ஓரத்துலருந்து பக்கச் சுவர் வரைக்கும் மயிரிழையா ஓடியிருக்கும். சட்டி வாங்குறப்ப பொம்பளைங்க சுண்டிப் பாக்குறாங்கல்ல, அப்படிச் சுண்டிப் பாரு. கணீர்னு கேட்டா வாங்கு, சொத்தையாக் கேட்டா வச்சிட்டு வந்துரு. பெறகு உளியில இன்னும் எம்புட்டு நீளம் தீட்ட மிச்சம் இருக்குன்னு பாரு. ஒரு ஆயுசு தீட்டித் தேஞ்ச உளியா இருந்தா, அதுல வேலை பாத்த ஆசாரி கெட்டிக்காரன். ஆனா ஒனக்கு மிச்சம் வைக்கல.

இதென்னய்யா, அடிப்பக்கம் மொகம் தெரியுது? தேச்சியா? எத்தன நாளு? மூணு ஞாயித்துக்கிழமையா! இந்தா, திருப்பிக் காட்டு, மீசைய ஒதுக்கிக்கிறேன். கண்ணாடிப் பலகை மேல உப்புத்தாள ஒட்டி, அடியில பென்சில் கோடு போட்டுத் தேய்க்கணும்னு சொல்லியிருப்பானே? சரிதான், அது நல்ல வழிதான். உளிய மேல ஏத்தி வச்சு, மூடிய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுத் தேச்சியா? இல்லையா? வெறும் ஓட்டத் தேச்சியா? இறுக்கினா இரும்பு ஒரு பொட்டு வளையும் மாப்ளே. வளையாதப்ப மட்டமாக்கி, வளைச்சு வச்சு வேலை பாக்கப்போற. மூக்கு, வாய்க்கு முன்னால உள்ள விளிம்பு, வாலு. இந்த மூணு எடமும் ஒரே மட்டத்துல தொட்டாப் போதும். நடுவுல அங்கங்க பென்சில் கோடு அழியாமக் கெடந்தா கெடந்துட்டுப் போகுது. அதுக்கு எங்க அப்பாரு உப்புத்தாளு தேச்சதில்ல, அவருக்குச் சாயங்காலம் கூலி வாங்கணும்.

மூணு வாரம் அடிக்குத் தேச்சேல்ல, உளிக்கு எம்புட்டு நேரம் குடுத்த? 'கம்பெனியிலருந்தே கூரா வந்திருக்கு மாமா'வா? சந்தையில தரகன் இந்த மாடு ஆறு லிட்டர் கறக்கும்னு சொல்றானே, அந்த மாதிரிதான் இதுவும். கழத்து. வெளிச்சத்துல காட்டு.

பாரு, சாய்வில்லாத பக்கம், முதுகு. குறுக்க குறுக்க கோடு ஓடுது பாத்தியா? சாணச் சக்கரத்துல பிடிச்ச தழும்பு. ஒவ்வொரு கோடும் நேரா வந்து விளிம்புல முடியுது. விளிம்புங்கறது ரெண்டு முகம் சந்திக்கிற எடம். ஒரு முகத்துல பள்ளம் இருந்தா, அடுத்த முகத்த எம்புட்டுத் தீட்டினாலும் விளிம்பு பல்லு பல்லாத்தான் இருக்கும், ரம்பம் மாதிரி. அதனால மொதல்ல முதுகக் கல்லுல படுக்கப்போட்டுத் தேய். முழு முதுகையும் இல்லய்யா, ஒனக்குச் சொல்லலேன்னா அதையும் கண்ணாடியாக்கிருவ. விளிம்ப ஒட்டி அரை அங்குலம் போதும். மிச்சம் எந்தக் காலத்துலயும் மரத்தத் தொடப்போறதில்ல.

பெறகு சாய்வு. சாணையில 25 டிகிரி பிடிச்சு, கல்லுல 30 தீட்டுறதுதான் கணக்கு. அந்தக் கடைசி அஞ்சு டிகிரி ஒரு நூல் அகலத்துக்கு இருந்தாப் போதும், அடுத்த தடவ தீட்டுறது சுளுவு. கரண்டு சாணையில வச்சா பொசுக் பொசுக்குன்னு தண்ணியில முக்கணும். ஓரத்துல நீலம் பாஞ்சுச்சோ, அந்த எடத்துல பதம் போச்சு. நீலம் நல்லாருக்குன்னு போட்டோ எடுத்துப் போட்டுறாத. கோணம் பிடிக்க என்னமோ உருளை வச்ச வண்டி வாங்கியிருக்கியாமே? பாத்தேன், சின்னப்புள்ளைக்குச் செஞ்சு குடுக்கிற நடைவண்டி மாதிரியே இருக்கு. தப்பில்ல, பிடிச்சு நடக்கட்டும். பொண்ணு பாக்கப் போறப்பயும் நடைவண்டியோட போகாம இருந்தாச் சரி.

தீட்டத் தீட்ட முதுகுப் பக்கம் கட்டைவிரல வச்சு வெளிய தள்ளித் தடவு, விளிம்பு நெடுக ஒரு பிசிறு நெருடும். இந்த மூலையிலருந்து அந்த மூலை வரைக்கும் நெருடினாத்தான் கூர் விளிம்புக்கு வந்து சேந்துருச்சுன்னு அர்த்தம். எங்கயாவது நெருடலேன்னா அங்க இன்னும் மழுங்கல் மிச்சம் இருக்கு. வந்த பிசிற நைஸ் கல்லுல மாத்தி மாத்தித் தேச்சு எடு, கடைசியாப் பழைய பெல்ட்டுல பத்து இழுப்பு. எங்க அப்பாரு உள்ளங்கையிலயே இழுப்பாரு. நீ அத முயற்சி பண்ணாத, லேப்டாப் தட்டுற கை.

ஆமா, ஒன் இடது கை மட்டும் ஏன் வழுக்கையா இருக்கு? ஓகோ, மயிரு வழிக்குதான்னு கூரு சோதிச்சியா! பாதிக் கூருக்கே மயிரு வந்துரும்யா. கல்யாண முருங்கைக் கட்டைய எடுத்து, அதோட வெட்டுவாயக் குறுக்கச் சீவிப்பாரு. மெத்துன்னு இருக்கற கட்டை. கூரு இருந்தா வெண்ணெய அறுத்த மாதிரி முகம் தெளிவா வரும். மழுங்கல் இருந்தா பொடிப்பொடியா உதிந்து பூத்துப் போகும். அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது. கைமயிரும் மறுபடி மொளைக்கும், கவலப்படாத.

இன்னும் ஒன்னு. ரெண்டு மூலையிலயும் விரல அமுக்கிப் பிடிச்சு நாலஞ்சு இழுப்பு அதிகமா இழு. மூலை ஒரு பொட்டுக் கொறையட்டும். நேரா இருக்கற உளி போற எடமெல்லாம் ரெண்டு பக்கமும் வரப்பு கட்டிக்கிட்டே போகும். வார்னிஷ் அடிச்சப்புறம் அந்த வரப்பு பளிச்சுன்னு தெரியும். தண்ணி பாய்ச்சலாம்.

இப்ப இந்த ரெண்டாவது தகட்ட எடு. இதத்தான் வெளிய போட்டுட்டு இழைச்சியா? 'சும்மா உளிய அமுக்கிப் பிடிக்கத்தான'ன்னு நெனச்சியா? மாப்ளே, இந்தப் பதினெட்டாயிரத்துல மதிப்புள்ள சமாச்சாரம் இதுதான். வெத்தல போட்டுக்கிறேன், பொறு. இத நிதானமாச் சொல்லணும்.

மூங்கில் பொளந்திருக்கியா? கத்தி ஒரு சாண் எறங்கும்போதே வெடிப்பு ரெண்டு சாண் முன்னால ஓடிரும். கத்திக்கு அங்க வேலையே இல்ல, முன்னால ஓடுற வெடிப்புதான் பொளக்குது. பலகையிலயும் அதேதான். உளி ஒரு சுருளக் கிளப்புது, சுருளு விறைப்பா மேல ஏறுது, ஏறுற வேகத்துல அடியில உள்ள நார நெம்பித் தூக்குது. வெடிப்பு உளிக்கு முன்னால ஓடுது. ரேகை மேல்நோக்கிப் போனா வெடிப்பு வெளிய வந்துரும், வம்பில்ல. ரேகை உள்நோக்கி எறங்கினா வெடிப்பும் கூடவே எறங்கும். அங்கதான் குழி குழியாப் பிச்சுக்கிட்டு வரும். நீ அதப் பாத்துட்டு உளி மோசம், மரம் மோசம், மாமா குடுத்த பலகை மோசம்னு சொல்லுவ.

இந்த மேல்தகடு என்ன செய்யும்னா, சுருளு எந்திரிச்சு நிக்கிறதுக்கு முன்னாடியே அது மண்டையில தட்டி மடக்கிரும். முறிஞ்ச சுருளுக்கு நெம்புற தெம்பு இல்ல. வெடிப்பு முன்னால ஓடமுடியாது, உளி வந்து வெட்டினாத்தான் ஆச்சு. ஜப்பான்ல யமகாட்டா பல்கலைக்கழகத்துல கவாய், கட்டோன்னு ரெண்டு பேராசிரியர்கள் இத அப்படியே பெருசாக்கிப் படம் பிடிச்சுக் காட்டியிருக்காங்க. தகடு தள்ளி இருந்தா நாரு பிஞ்சு எந்திரிக்கிறதும், கிட்ட கொண்டு வந்தா அதே மரம் அடங்கி வர்றதும் கண்ணால பாக்கலாம். அந்த வீடியோவ மட்டும் நீ பாத்திருக்கமாட்ட, அதுல பித்தளை எதுவும் மின்னாது.

எம்புட்டுக் கிட்ட? பொதுவா இழைக்கிறதுக்கு ஒரு மில்லிமீட்டர், ஒன்னரை இருந்தாப் போதும். அடங்காத மரத்துக்கு, கடைசி இழைப்புக்கு, கால் மில்லிமீட்டருக்கும் உள்ள. அத அளக்க அடிக்கோல் தேடாத. ரெண்டையும் சேத்து வச்சு வெளிச்சத்துல பாரு, தகட்டுக்கு முன்னால உளியோட வெள்ளிக்கோடு மயிரிழையாத் தெரியணும். திருக இறுக்குறப்ப தகடு நகந்து உளியத் தாண்டிப் போயிரும், அதப் பாத்துக்கோ. தாண்டிருச்சுன்னா ஒனக்கு வெட்டாது, ஆனா கையும் வெட்டாது, பாதுகாப்பு.

தகட்டோட மூக்கும் உளி மேல ஒளி போகாமப் படிஞ்சு உக்காரணும். ரவ இடுக்கு இருந்தாலும் சுருளு அதுக்குள்ள பூந்து, மாம்பழ நாரு பல்லு இடுக்குல மாட்டின மாதிரி மாட்டிக்கிட்டு, வாயே அடைச்சுப்போகும். தகட்டோட மூக்கக் கல்லு ஓரத்துல வச்சு, பின்பக்கத்தக் கல்லு மட்டத்துக்கு ஒரு பொட்டுக் கீழ எறக்கித் தேய். முன் விளிம்பு மட்டும் உளியத் தொடும். மேல சுருளு முட்டுற எடத்தையும் செங்குத்தாத் தீட்டி வழவழப்பாக்கிக்கோ.

வாயப் பத்தி நான் ரொம்பப் பேசல. உளி சாஞ்சு படுத்திருக்கிற அந்தச் சாய்மேடைக்கு வெள்ளைக்காரன் ஃபிராக்குன்னு பேரு வச்சிருக்கான். தவளையாம். அது தவளை மாதிரியும் இல்ல, கத்தவும் இல்ல. அத முன்னால நகத்தி வாயச் சுருக்கினா பிசிறு வராதுன்னு ஒருத்தன் சொல்லுவான். கொஞ்சம் உண்மைதான். ஆனா தகட்டையும் கிட்ட வச்சு, வாயையும் சுருக்கினா சுருளு போக வழியில்லாம முட்டிக்கிட்டு நிக்கும். தவளைய வாயோட பின் விளிம்புக்குச் சமமா நிறுத்திட்டு அங்கிட்டுத் திரும்பிப் பாக்காத.

சரி, மாட்டு. சாய்வு கீழ பாத்து இருக்கணும்யா, கீழ! ஒன் மேல தப்பில்ல, கண்ணாடிக்கு முன்னாடி நின்னு வீடியோ எடுத்திருப்பான் போல. மூடியோட திருகுல பலத்தக் காட்டாத. ரொம்ப இறுக்கினா சக்கரம் சுத்தாது, லேசா இருந்தா உளி நகந்துக்கிட்டே இருக்கும்.

இப்ப என் வேட்டி உபயோகப்படும். இழைப்புளியக் கவுத்துப் பிடிச்சு, மூக்குப் பக்கமிருந்து அடி நெடுகப் பாரு. எதுக்க வெள்ள வேட்டி. உளி எட்டிப் பாத்தா கறுப்பா ஒரு கோடு தெரியும். ஒரு பக்கம் தடிச்சு இன்னொரு பக்கம் மெலிஞ்சு தெரிஞ்சா, பின்னால உள்ள அந்தக் குச்சிய அப்படி இப்படித் தள்ளிச் சமம் பண்ணு. பெறகு உளிய உள்ள இழுத்துக்கோ, மொத்தமா மறையட்டும். சக்கரத்தச் சுத்தி மெல்ல எறக்கு. எறக்கினது ஜாஸ்தியாப் போச்சுன்னா நல்லாப் பின்னால கொண்டுபோயி, மறுபடி எறக்கிக்கிட்டே வந்து நிறுத்தணும். ஏத்துற தெசையில நிறுத்தினா சக்கரத்துல கொஞ்சம் சும்மா சுத்து இருக்கும், அதுக்குள்ள உளி மெதுவாப் பின்வாங்கும். நாலு இழுப்புல வெட்டு நின்னு போகும். அப்ப நீ மறுபடி எறக்குவ, அது குபுக்குன்னு எறங்கும். இந்த ஒரு பழக்கம் வந்துருச்சுன்னா பாதி சண்டை தீந்துச்சு.

தீக்குச்சி மாதிரி ஒரு சிராய எடுத்து வாயோட இடது பக்கம் ஒரு தேய், வலது பக்கம் ஒரு தேய். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிச் சீவு வந்தாச் சமம். இந்தா மெழுகுவத்தி. அடியில குறுக்க நெடுக்க நாலு கிறுக்கு கிறுக்கு. மூணு வாரம் கண்ணாடியாத் தேச்சதுல கெடைக்காத வழுக்கல் இந்த ரெண்டு ரூபாய் மெழுகுல வரும்.

எதுல இழைக்கிறதுன்னு ஏன் முழிக்கிற? பெஞ்சு வேணுமா? பெஞ்சு செய்ய இழைச்ச பலகை வேணும், பலகை இழைக்கப் பெஞ்சு வேணும், அதுக்குள்ள ஒனக்கு வயசு அம்பதாகிரும். எங்க அப்பாரு தரையில உக்காந்து பலகையக் காலால மிதிச்சுக்கிட்டு இழைச்சாரு. ஒனக்கு அம்புட்டு வளையாது. இந்தா, இந்தக் கதவு கெடக்குல்ல, முக்காலி மேல, ஒசரமும் சரியா இருக்கு. பழகுறதுக்குத்தான, எதுல இழைச்சா என்ன?

வேப்ப மரம். லேசுப்பட்டது இல்ல. தேக்குன்னா நாரு ஒரே பக்கம் போகும், ஆனா உள்ள மணல் மாதிரி ஒன்னு இருக்கு, உளியச் சீக்கிரம் மழுங்கடிச்சுரும். வேம்பு ஒரு பட்டை இப்படிப் போகும், பக்கத்துப் பட்டை அப்படிப் போகும், வரிவரியா மாறிக்கிட்டே இருக்கும். எந்தப் பக்கமிருந்து இழைச்சாலும் பாதி எதுப்பாத்தான் இருக்கும். மேல்தகடு எதுக்குன்னு இப்பத் தெரியும். பலகையோட பக்கவாட்டுல பாரு, ரேகை எந்தப் பக்கம் மேல ஏறுதோ அந்தப் பக்கமாத் தள்ளு. கன்னுக்குட்டி முதுகத் தடவுற மாதிரி, மயிரு படுத்திருக்கிற தெசையில.

தொடங்குறப்ப முன் கைப்பிடிய அமுக்கு, முடிக்கிறப்ப பின் கைப்பிடிய. இல்லேன்னா ரெண்டு தலைமாடும் சரிஞ்சு பலகை முதலை முதுகு மாதிரி ஆயிரும். தள்ளு.

கர்ர்ருங்குதே, கேக்குதா? கூடுதலா எறங்கியிருக்கு. கால் சுத்து ஏத்து, பெறகு எறக்கி வந்து நிறுத்து, சொன்னேன்ல. ம்ம். இன்னொன்னு. இப்பச் சர்ர்ருன்னு பட்டு கிழியிற மாதிரி கேக்குது பாரு, அதுதான். காதுதான் மொதல்ல சொல்லும், கண்ணு அப்புறம். எடுத்துக் காட்டு சுருள. வெத்தலைக்குப் போடுற சீவல் மாதிரி தடியா இருந்துச்சு, இப்ப ஊதினாப் பறக்குது. ஜப்பான்காரன் போட்டியே வைக்கிறானாம். இழைப்புளியத் தன் பக்கமா இழுத்து, சில மைக்ரான் கனத்துல நீளமா ஒரு சுருள் எடுத்து அளவுக் கருவியில வைக்கிறான். போட்டியில சுருளப் பாக்கணும், வீட்டுல பலகையப் பாக்கணும். நீ சுருள போட்டோ எடுக்காம அடுத்த இழுப்பப் போடு.

எங்க அப்பாரோட இழைப்புளியா? இருக்கே. கோழிக் கூண்டுக் கதவுக்கு அண்டக் குடுத்திருக்கேன். மரக்கட்டைதான், உளி லாரிப் பட்டாவ அடிச்சுக் கொல்லர் செஞ்சு குடுத்தது. சக்கரம், குச்சி ஒன்னும் கெடையாது, ஒரு ஆப்பு. உளியோட நெத்தியில சுத்தியலால ஒரு தட்டு தட்டினா எறங்கும், கட்டையோட முதுகுல தட்டினா ஏறும், பக்கத்துல தட்டினா சாயும், ஆப்புல தட்டினா இறுகும். தட்டுற சத்தத்த வச்சே எம்புட்டு எறங்குச்சுன்னு சொல்லுவாரு. அதையும் தீட்டிக் குடுத்தா ஒன் பதினெட்டாயிரத்துக்குக் கொறையாம இழைக்கும். கோழிங்கதான் விடாது.

நல்லா வருதுய்யா மாப்ளே. நிசமாத்தான் சொல்றேன். வேம்புல இம்புட்டு வழவழப்புக் கரண்டு பிளேனர்ல வராது. அது அலை அலையா மேடு விட்டுட்டுப் போகும், பெறகு உப்புத்தாளு போட்டுத் தேய்க்கணும், தேச்ச பொடி ரேகையில அடைச்சு மங்கலாயிரும். இது பாரு, வெயிலு பட்டதும் பூனைக் கண்ணு மாதிரி மினுங்குது. அந்த முகம் முடிஞ்சுச்சா? அப்படியே நாதாங்கிப் பக்கத்து ஓரத்துலயும் ஒரு நாலு இழுப்பு. இன்னும் ஒரு ரெண்டு. மேல் மூலையில கொஞ்சம் ஜாஸ்தியா, அங்கதான் நாலு வருசமா ஐப்பசி மழைக்கு ஊதிக்கிட்டு நிலையில சிக்குது.

ஏன் முறைக்கிற? வேலைக்கு ஆளு கூப்பிட்டா ஒரு நாள் கூலி கேக்கறான், எனக்கு முழங்கால் வளைய மாட்டேங்குது. ஒனக்கும் பழக்கம் வேணும்ல. ஒங்க அத்தை வாழைப்பூ வடை சுட்டுக்கிட்டு இருக்கா, வாசம் வருது, கை கழுவிட்டுச் சாப்பிட்டுப் போ. அடுக்களை ஜன்னல் ரெண்டும் கழத்தித் தொழுவத்துல சாத்தி வச்சிருக்கேன், அத அடுத்த ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம். அதுவரைக்கும் இழைப்புளி இங்கயே இருக்கட்டும், பஸ்ஸுல தூக்கிட்டு அலையாத, வார்ப்பிரும்பு, கீழ விழுந்தா வெடிச்சுரும். பெட்டிய வேணா எடுத்துட்டுப் போ. பட்டுத்துணியும் ஒனக்குத்தான்.